தரையை விட்டு எழும்பாத பைலட்

டிசம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, வரைபலகையின் மேல் குனிந்த நான் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. இடுப்புக்குச் சற்று மேலே யாரோ ஒரு போல்ட்டைப் போட்டு முறுக்கிவிட்டதுபோல் இருந்தது. கையில் மை நிரப்பிய பேனா. கீழே ஒரு சிறு பாலத்தின் டிரேசிங். ஒரு சொட்டு விழுந்தால் மூன்று நாள் வேலை போய்விடும். அதனால் முதலில் பேனாவை மூடி ஓரமாக வைத்தேன். பிறகுதான் ஐயோ என்றேன்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து, தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன், கிரேடு மூன்று. பெண்ணாக இருந்தாலும் பதவியின் பெயர் டிராஃப்ட்ஸ்மேன்தான். கிரேடு மூன்றில் இருப்பவர்கள் பிறர் வரைந்ததன் மேல் மெல்லிய தாளை விரித்துப் படி எடுப்பார்கள். கிரேடு இரண்டில் இருப்பவர்கள் தாங்களே வரைவார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு துறைத் தேர்வு உண்டு. பலகை முன்னால் நின்றும் குனிந்தும் ஆறு மணி நேரம் வரைய வேண்டும். எப்போதாவதுதான் நடத்துவார்கள். பிப்ரவரி கடைசியில் நடக்கும் என்று அந்த மாதம்தான் அறிவித்திருந்தார்கள்.

என் நிலையைப் பார்த்த ஹெட் டிராஃப்ட்ஸ்மேன், நல்ல மனிதர், பஞ்சாபி, எனக்கு உதவுவதாக நினைத்து ஒரு யோசனை சொன்னார். ரெகார்டு அறையில் இடம் காலி இருக்கிறதாம். பழைய வரைபடங்களை மடித்து எண் போட்டு அடுக்கினால் போதும், குனிய வேண்டாம். முப்பத்துநாலு வருட சர்வீஸை நான் மடித்துக்கொண்டே கழிப்பது என் கண்முன்னால் தெரிந்தது.

டிஸ்பென்சரி டாக்டர் நான்கு விஷயங்கள் சொன்னார். ஒன்று, பலகையில் படுங்கள். இரண்டு, இந்த மாத்திரை. மூன்று, உங்கள் வீட்டில் என்ன தைலம் இருக்கிறதோ அது. நான்கு, வேலையை விட்டுவிட்டால் என்ன? முதல் மூன்றையும் பத்து நாள் செய்து பார்த்தேன். வலி அப்படியே இருந்தது. என்மேல் தைல வாசனை மட்டும் நிலைத்துவிட்டது.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம்மூர் சாமான் கடையில் தரையில் வைத்திருந்த புளிப் பொட்டலத்தை எடுக்க நான் குனிந்ததை, எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்மணி பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். முன்பின் அறிமுகம் இல்லை. "ஏளா, நீ குனியல. மடங்குத. இப்படி மடங்குனா முதுகு என்னத்துக்கு ஆவும்?" என்றார். கடைக்காரர் பொட்டலம் கட்டி முடிப்பதற்குள் என் முழு வரலாற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை ஆறரை மணிக்கு மோதி பாக்கில் தன் அரசுக் குவார்ட்டருக்கு வரச் சொன்னார். பிலாட்டீஸ் என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்.

அவருடைய கணவர் வெளிநாடுகளில் உள்ள நம் தூதரகங்களில் வேலை பார்க்கும் அசிஸ்டென்ட். மூன்று வருடம் நியூயார்க்கில் இருந்தபோது, இந்தப் பெண்மணி பொழுது போகாமல் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் துண்டு மடித்து வைக்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அந்தக் கூடத்தை நடத்திய அம்மாள், இந்தப் பயிற்சியைக் கண்டுபிடித்தவரிடமே நேரடியாகக் கற்றவராம். இவர் துண்டு மடித்தபடி பார்த்து, பிறகு படுத்துப் பார்த்து, மூன்றே வருடத்தில் முழுவதையும் கற்றுவிட்டார். ஊர் திருநெல்வேலிப் பக்கம். வீட்டில் அவரை எல்லோரும் கூப்பிடுவதுபோல் நானும் மதினி என்றே கூப்பிட ஆரம்பித்தேன்.

மதினியிடம் மொத்தம் முப்பத்துநாலு பயிற்சிகள் இருந்தன. வரிசை மாறக்கூடாது. மூன்றாவது வலித்தால் நாலாவதுக்குப் போகலாமா என்று கேட்டேன். படிக்கட்டில் மூன்றாம் படி வழுக்கினால் காற்றில் நடந்து நாலாம் படிக்குப் போவாயா என்று கேட்டார். முதல் பயிற்சியின் பெயர் நூறு. மல்லாந்து படுத்து, தலையையும் காலையும் தூக்கி, கைகளை மேலும் கீழும் அடிக்க வேண்டும். ஐந்து அடிக்கு மூச்சை இழுத்து, ஐந்து அடிக்கு விட்டு, அப்படியே நூறு வரை. முதுகு தரையோடு ஒட்டியிருக்க வேண்டும். ஜனவரி மாதத்து தில்லித் தரையோடு முதுகை ஒட்டுவது என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கீழே பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய் விரிக்கலாமா என்று கேட்டதற்கு, நியூயார்க்கில் ரஜாய் கிடையாது என்று பதில் வந்தது. நியூயார்க்கில் பவானி ஜமக்காளமும் இருந்திருக்காது. ஆனால் அது அனுமதிக்கப்பட்டிருந்தது.

அங்கே சுருள்வில் பொருத்திய கட்டில் போன்ற யந்திரங்கள் இருந்தனவாம். இங்கே அதற்குப் பதிலாக, கோத்ரெஜ் பீரோ மாதிரி கனமான ஓர் இரும்பு அலமாரியின் கைப்பிடியில் சைக்கிள் ட்யூப்பைக் கட்டியிருந்தார். படுத்துக்கொண்டு ட்யூப்பைக் காலால் இழுத்தால் அலமாரிக் கதவு திறந்து, உள்ளேயிருந்து ஒரு புடவை நம் மேல் விழும்.

இரண்டாவது வாரம், நான் 'நூறில்' அறுபதாவது அடியில் இருந்தபோது, அதே வீட்டின் உள் அறையிலிருந்து டீ டம்ளருடன் ஒரு பெண் வந்து என்னைப் பார்த்து நின்றுவிட்டார். மதினியின் கணவருடைய தங்கை. ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். வெளிநாட்டில் ஒரு வருடப் பயிற்சிக்குப் போயிருந்தபோது, அடிபட்ட நடனக்காரர்களுக்கு இதே பயிற்சிகளை மாற்றி அமைத்துக் கொடுப்பதைக் கற்று வந்திருந்தார். மதினி அவரை டாக்டரம்மா என்பார். அது மரியாதைக்காக இல்லை.

"இவளுக்கு ஸ்பைன்ல, எல்-ஃபோர்ல பெயின் இருக்கு. இவளைப் போய் காலைத் தூக்கச் சொல்றீங்களே மதினி. அரே, தலையைக் கீழே வை. முட்டியை மடக்கு," என்றார் டாக்டரம்மா.

"தூக்குன கால நூறு முடியாம கீழ வைக்கப்படாது," என்றார் மதினி.

எழுபதாவது அடியில் என் கால்கள் தாமாகவே கீழே வந்துவிட்டதால் அன்று விவாதம் நின்றது. ஆனால் டாக்டரம்மா கிளம்பும்போது, மாலை ஆறு மணிக்குத் தன்னிடமும் வரச் சொன்னார். இருவர் மனதையும் நோகடிக்கக்கூடாது என்று நினைத்தேன். தேர்வுக்கு ஏழு வாரம்தான் இருந்தது என்பது உண்மையான காரணம்.

காலையில் மதினி, மாலையில் டாக்டரம்மா. அதே அறை, அதே ஜமக்காளம். டாக்டரம்மாவிடம் வரிசை என்று எதுவும் இல்லை. அன்றைக்கு எங்கே வலிக்கிறதோ அங்கிருந்து தொடங்குவார். முதுகுத்தண்டுக்கு இயல்பாக ஒரு வளைவு உண்டு, அதை அழிக்கக்கூடாது என்பார். முதுகுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். நாற்பது நிமிடத்தில் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே நடந்திருக்காது. மதினியின் கணவர் ஒரு மாலை பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்து, வகுப்பு எப்போது தொடங்கும் என்று கேட்டார். அது முடிந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

டாக்டரம்மாவின் தமிழ் இன்னொரு பயிற்சி. படு என்பதற்குப் பதில் விழு என்பார். முதல் நாள், "மெதுவா விழு. அச்சா. இப்போ கடைசி மூச்சை விட்டுடு," என்றார். கடைசி வரைக்கும் மூச்சை விடு என்று சொல்ல நினைத்திருக்கிறார். அடுக்களையிலிருந்து மதினி, "அந்தப் பிள்ளைக்குப் பரிட்சை இருக்கு, அது வரைக்குமாச்சும் விட்டு வையி," என்றார்.

எனக்குப் பட்டியல் போடாமல் எதுவும் புரியாது. ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் மதினியின் பழையது, வலப்பக்கம் டாக்டரம்மாவின் புதியது என்று எழுதி வந்தேன். பழையதில் சந்தேகம் கேட்க இடமில்லை. அதனால் யோசிக்க நேரம் போவதில்லை, தினமும் நடந்துவிடுகிறது. புதியதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காரணம் கேட்டுக்கொண்டிருந்தால் பஸ் போய்விடும். பழையதில் வேர்க்கும். புதியதில் தூக்கம் வரும். பழையது முடிந்தபின் நான் உயரமானதுபோல் இருக்கும். புதியது முடிந்தபின், இத்தனை நாள் எந்த இடத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தேன் என்று தெரியும். நான்காவது வாரம் முடிவில், பலகை முன்னால் மூன்று மணி நேரம் நிற்க முடிந்தது. எந்தப் பக்கத்தின் வேலை என்று நோட்டில் எழுத முடியவில்லை.

இந்த நிலையில்தான் அப்பா இதில் இறங்கினார்.

அப்பா விமானப்படை சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் சிவிலியன் கிளார்க். நாங்கள் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டரில் இருந்தோம். அரசு ஊழியர் எந்தப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாலும் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது, நாளைக்கு யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்றார். இது வகுப்பு இல்லை, மோதி பாக்கில் ஒரு ஜமக்காளம் என்று சொன்னேன். எழுத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு என்று அவரே விண்ணப்பத்தைத் தயாரித்தார். பயிற்சியின் பெயரை நான் ஒரு துண்டுத் தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். கற்பிப்பவர்கள் என்ற இடத்தில் இருவர் பெயரும் போட்டு, காலை வகுப்பு, மாலை வகுப்பு என்று பிரித்துக்கூடக் காட்டியிருந்தார். மறுநாள் அலுவலகத்திலிருந்து டைப் அடித்து வந்தது. நான் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதம் அது ஒன்றுதான்.

ஒரு வாரம் கழித்து ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் என் பலகை அருகே வந்து நின்று, சோகமாக, "மகளே, எப்போது பறக்கப் போகிறாய்?" என்று இந்தியில் கேட்டார். எனக்குப் புரியவில்லை. நிர்வாகப் பிரிவுக்குப் போனேன். அங்கே என் விண்ணப்பம் ஒரு கோப்பாக வளர்ந்திருந்தது. அப்பா பிலாட்டீஸ் என்ற சொல்லில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டார். பைலட்ஸ் உடற்பயிற்சி வகுப்பில் சேர அனுமதி கோரி நான் விண்ணப்பித்திருந்தேன்.

அதன்மேல் நான்கு பேர் குறிப்பு எழுதியிருந்தார்கள். முதலாமவர், விண்ணப்பதாரர் விமானி ஆக எண்ணுவதாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தார். இரண்டாமவர், பெண்களை எடுக்கிறார்களா என்று கேட்டிருந்தார். மூன்றாமவர், வேலையை விட்டுப் போகிறவருக்குத் துறைத் தேர்வு எதற்கு, பட்டியலிலிருந்து பெயரை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டிருந்தார். நான்காமவர், நிறுத்தி வைக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.

இறுதிப் பட்டியல் வெள்ளிக்கிழமை போகிறது. அன்று திங்கள். அதிகாரியிடம் வாயால் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோப்பில் வாய்க்கு இடமில்லை என்ற பொருளில் ஏதோ சொன்னார். பயிற்சி எத்தகையது என்று விளக்கி, கற்பிப்பவர்கள் இருவரும் ஒரே தாளில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வியாழன் மாலைக்குள்.

வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். "இருபது வருஷமா அந்த வார்த்தைய டைப் அடிக்கிறேன். எனக்கா ஸ்பெல்லிங் தெரியாது?" என்றார். அகராதியைக் கொண்டு வந்து காட்டினார். பைலட் இருந்தது. பிலாட்டீஸ் இல்லை. அகராதியில் இல்லாத ஒன்றை மகள் கற்றுக்கொள்வது அவருக்குக் கவலையாக இருந்தது. அதைவிடக் கவலை, கீழ் வீட்டு ரிட்டயர்ட் ஆபீசரிடம் பைலட்ஸ் வகுப்பு என்று ஏற்கெனவே பெருமையாகச் சொல்லியிருந்தது.

செவ்வாய் மாலை மோதி பாக்கில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஆங்கிலத்தில் எழுதுவதற்கு முன், தமிழில் ஒத்துக்கொள்ளட்டும் என்று ஒரு தாளை எடுத்தேன். பயிற்சி தரையில் படுத்துச் செய்யப்படுவது என்ற முதல் வாக்கியம் அமைதியாக நிறைவேறியது. இரண்டாவது, முதுகைப் பற்றி.

"முதுகு தரையோட ஒட்டி இருக்கும்னு எழுதிக்கிடு," என்றார் மதினி.

"அப்படி எழுதினா நான் சைன் பண்ண மாட்டேன். ஆஸ்பத்திரில என் நௌக்ரியே போய்டும்."

"ஒட்டாமப் படுக்கதுக்கு அவ வீட்லயே படுக்கலாம்லா. எதுக்கு பஸ் ஏறி வாரா?"

"மதினி, அம்பது வருஷம் முந்தி ஒருத்தர் சொன்னதை அப்படியே வச்சுக்க இது மியூசியம் இல்லை. அவர் இன்னும் ஜிந்தா, உயிரோட இருந்தா அவரே மாத்தியிருப்பார்."

"அப்பம் அவரு வந்து மாத்தட்டும். எனக்கு அந்த அதிகாரம் கெடயாது."

"ஒரிஜினல்ல சைக்கிள் ட்யூப் இருந்துச்சா?"

மதினி எழுந்து உள்ளே போனார். வரலாற்றில் பெரிய பிளவுகள் எல்லாம் இப்படித்தான் ஏற்பட்டிருக்கும் என்று தோன்றியது. அடுக்களையில் பாத்திரங்கள் தேவைக்கு அதிகமாக ஒலித்தன. மதினியின் கணவர் பேப்பரை இறக்கி, பாதி ஒட்டியிருக்கும் என்று எழுதினால் என்ன என்றார். உள்ளேயிருந்து ஒரு குரலும் எதிரேயிருந்து ஒரு குரலும் ஒரே நேரத்தில் அவரைச் சும்மா இருக்கச் சொன்னன. அன்று முழுக்க அவர்கள் ஒத்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான்.

புதன் காலை மதினி என்னிடம் பயிற்சியைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. மாலையில் டாக்டரம்மா, தனக்கு மதினியோடு சண்டை எதுவும் இல்லை, அவர் தப்பு என்பது மட்டும்தான் பிரச்சினை என்றார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து நானே எழுதினேன். ஒட்டி, படிந்து, பதிந்து, தொட்டு, இயல்பாக என்று பத்துச் சொற்களை எழுதி, ஒவ்வொன்றையும் அடித்தேன். எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒருவர் கையெழுத்துப் போட மாட்டார். கடைசியில் சொல்லே போடாமல் விட்டுவிட்டேன். வந்தது இதுதான்:

1. பயிற்சி தரையில் படுத்துச் செய்யப்படுகிறது.
2. அப்போது முதுகு தரையில் இருக்கும்.
3. மூச்சு உள்ளே இழுக்கப்பட்டு, பின்பு வெளியே விடப்படும்.
4. எந்த நிலையிலும் பயிற்சி பெறுபவரின் முழு உடலும் தரையை விட்டு மேலே எழும்பாது.

வியாழன் காலை மதினி கண்ணாடி போட்டுப் படித்தார். "தரையில இருக்கும்னா ஒட்டித்தான இருக்கும்," என்று கையெழுத்திட்டார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த டாக்டரம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது. அதே தாளில் கீழே இருந்த ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்து, ஆன் தி ஃப்ளோர் என்றால் இயல்பாக என்றுதான் பொருள், அச்சா, இது போதும் என்று கையெழுத்திட்டார். இருவரும் தாங்கள் ஜெயித்ததாக நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வேற்றுமை உருபுகளைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது.

அலுவலகத்தில் நான்காவது பத்தி அதிகாரிக்குப் பிடித்திருந்தது. அதைச் சிவப்பு மையால் கோடிட்டார். என் பெயர் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் ஏறியது.

தேர்வில் ஒரு மேல்நிலை நீர்த்தொட்டி கொடுத்தார்கள். மேலிருந்து ஒரு தோற்றம், முன்னாலிருந்து ஒன்று, நடுவில் வெட்டிப் பார்த்தால் ஒன்று. முதல் மூன்று மணி நேரம் வலி ஒன்றும் தெரியவில்லை. நாலாவது மணியில் பழைய போல்ட் மெல்ல முறுக ஆரம்பித்தது. வெட்டுத் தோற்றத்தில் பாதியும் எழுத்துகள் முழுவதும் பாக்கி. நான் கையை உயர்த்தினேன். கண்காணிப்பாளரிடம், ஐந்து நிமிடம் தரையில் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் விதிகள் தாளைக் கையில் எடுத்து மேலிருந்து கீழ் வரை படித்தார். பேசக்கூடாது, பார்த்து எழுதக்கூடாது, வெளியே போகக்கூடாது என்றெல்லாம் இருந்தது. படுக்கக்கூடாது என்று இல்லை. தலையசைத்தார்.

பலகையின் காலடியில், ரப்பர் துகள்களுக்கு நடுவே, புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு மல்லாந்து படுத்தேன். ஆறு நிமிடம் கழித்து எழுந்தேன். நேரம் முடிவதற்கு இரண்டு நிமிடம் முன்பாக அளவுக்கோடுகளை முடித்தேன்.

முடிவு ஐந்து வாரம் கழித்து வந்தது. தேறியிருந்தேன். எழுத்துகளுக்குத்தான் மதிப்பெண் குறைவு, அவசரமாம். காலையிலேயே மோதி பாக் போய் மதினியிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டுவிட்டு, தேர்வில் படுத்தபோது எதைச் செய்தேன் என்று கேட்டார். உங்களுடையதுதான், முதுகை ஒட்டிக்கொண்டேன் என்றேன். அவர் கண் கலங்கியது. அங்கிருந்து அலுவலகம் போகும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவரும் அதையே கேட்டார். உங்களுடையதுதான், வளைவை விட்டுவைத்தேன் என்றேன். ஒரு நோயாளியை அப்படியே விட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

உண்மை என்னவென்றால் நான் எதையும் செய்யவில்லை. படுத்தவுடன் தூங்கிவிட்டேன். கண்காணிப்பாளர்தான் பென்சிலால் பலகையைத் தட்டி எழுப்பினார்.

இரண்டு பேரிடமும் இரண்டு பொய் சொன்னவள், அவர்கள் ஒரே வீட்டில் இருப்பவர்கள் என்பதை யோசிக்கவில்லை. மறுநாள் மாலை இனிப்புடன் போனபோது இருவரும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்படி நான் அவர்களைப் பார்த்ததே இல்லை. ஜமக்காளம் விரித்திருந்தது.

"அன்னைக்கி என்ன செஞ்சியோ, அத இப்பம் செஞ்சு காட்டு," என்றார் மதினி.

"ஆராம்ஸே, மெதுவா. நாங்க வெயிட் பண்றோம்," என்றார் டாக்டரம்மா.

இனிப்பைக் கீழே வைத்துவிட்டுப் படுத்தேன். இனி உண்மையைச் செய்து காட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டேன்.